பருவுக்கு எந்த டியூப்? சாலிசிலிக், பென்சாயில், அடாப்பலீன்: ஓர் அலசல்

பருவுக்கென்று மெடிக்கல் கடையில் போய் நின்றால் சுற்றிச் சுற்றி மூன்று பெயர்தான் காதில் விழும்: சாலிசிலிக் ஆசிட் ஃபேஸ்வாஷ், பென்சாயில் பெராக்சைடு ஜெல், அடாப்பலீன் ஜெல். வீட்டுக்கு வந்தால் அம்மாயி கடலைமாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்து வைத்திருப்பார். நான் எந்தப் பக்கம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாதக்கணக்கில் ஓயாமல் பரு வருகிற முகத்துக்கு அடாப்பலீன்தான் அஸ்திவாரம், மற்றதெல்லாம் துணைக்குத்தான்.

காரணம், பரு உருவாகும் விதம். மயிர்க்காலின் வாயை உதிர்ந்த தோல் அடைக்கிறது, உள்ளே சுரக்கிற எண்ணெய் தேங்குகிறது, அதில் பாக்டீரியா பெருகி சிவந்து வீங்குகிறது. இந்த வரிசையில் எந்த மருந்து எந்த இடத்தில் கை வைக்கிறது என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சாலிசிலிக் ஆசிட் எண்ணெயில் கரையும், அதனால் துளைக்குள் கொஞ்சம் இறங்கி அடைப்பை இளக்கும். மூக்கு மேலும் தாடையிலும் கரும்புள்ளி மட்டும் இருக்கிறவர்களுக்கு இதுவே போதும். ஆனால் ஃபேஸ்வாஷாகப் போட்டு அரை நிமிடத்தில் கழுவிவிடுகிற பொருளிடம் சீழ்ப்பருவை ஆற்றச் சொல்வது நியாயமில்லை. இன்னொன்று, பல்லடம், அவிநாசிப் பக்கம் போர் தண்ணியில் நுரையே வராது, வரவில்லையென்று இன்னும் ஒரு பிதுக்கு, அப்புறம் இன்னொரு பிதுக்கு என்று போட்டுத் தேய்த்து, முகம் வறண்டு எரிய ஆரம்பித்ததும் மருந்தைக் குறை சொல்கிறோம். நுரை வராவிட்டால் பரவாயில்லை, கொஞ்சமாகப் போட்டுக் கழுவினால் போதும்.

பென்சாயில் பெராக்சைடு நேராக பாக்டீரியாவைக் கொல்லும். சிவந்து, சீழ் கோத்து வலிக்கிற பருவுக்கு இதுதான் சீக்கிரம் கேட்கும். இதன் பெரிய பலம், பாக்டீரியா இதற்குப் பழகிப்போவதில்லை. கிளிண்டாமைசின் என்கிற ஆன்டிபயாட்டிக் ஜெல்லை மட்டும் தனியாகப் போட்டுக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் கேட்காமல் போகும், அதனால்தான் டாக்டர்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். 10 சதவீதம் வாங்கினால் சீக்கிரம் போகும் என்று நினைக்க வேண்டாம், 2.5 சதவீதமே ஏறத்தாழ அதே வேலையைக் குறைந்த எரிச்சலோடு செய்யும். ஒரு தொல்லை உண்டு, இது துணியை வெளுத்துவிடும். பெருந்துறையில் படிக்கிற என் அக்கா பையனின் கருநீல டீ-சர்ட்டில், கழுத்துப்பட்டை ஓரம் முழுக்கத் திட்டுத் திட்டாக நிறம் போய்க் கிடக்கிறது, தலையணை உறையிலும் கன்னம் படுகிற இடத்தில் அதே கதை. திருப்பூர்க்காரர்களுக்குச் சாயம் போன துணியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை, வெள்ளைத் துண்டும் வெள்ளை உறையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடாப்பலீன் அந்த முதல் அடைப்பையே உருவாகவிடாமல் தடுக்கிறது. அதனால் இன்று தெரிகிற பருவைவிட, அடுத்த மாதம் வரவிருக்கும் பருவுக்குத்தான் இது மருந்து. இதைப் புரிந்துகொள்ளாமல்தான் பெரும்பாலானவர்கள் பாதியில் விடுகிறார்கள். முதல் சில வாரம் தோல் உரியும், பரு கொஞ்சம் கூடுவது போலக்கூடத் தெரியும், பலன் தெளிவாகத் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும். இரவில் முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்த பிறகு, ஒரு பட்டாணி அளவை எடுத்து முகம் முழுக்க மெல்லிசாகப் பூச வேண்டும், பரு மேல் மட்டும் பொட்டு வைத்தால் பிரயோஜனமில்லை. ஆரம்பத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். ஆடிக்காற்றில், அதுவும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக அடிக்கிற பொள்ளாச்சி, பல்லடம் பக்கம், தோல் ஏற்கெனவே வறண்டு கிடக்கும், அப்போது மாய்ஸ்சரைசரை முதலில் பூசி அதன் மேல் இதைப் போடலாம். காலையில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன் கட்டாயம். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் அடாப்பலீனைத் தொடக்கூடாது. மற்றவர்களும் ஒருமுறை டாக்டரிடம் எழுதி வாங்கித் தொடங்குவதே நல்லது.

அம்மாயியின் பக்கம் வருவோம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதன் அருமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடலைமாவு எண்ணெயை உறிஞ்சும், வாரம் ஒரு தடவை மெதுவாகப் போட்டுக் கழுவினால் பெரிய கெடுதல் எதுவும் இல்லை. ஆனால் அடைப்பு உருவாவதை அது தடுக்காது. எலுமிச்சை மட்டும் வேண்டவே வேண்டாம், அதன் புளிப்பு தோலைப் புண்ணாக்கி, வெயில் பட்டதும் கருமையாக நின்றுவிடும். தேங்காய் எண்ணெய் துளையை அடைக்கக்கூடியது. தலைக்குத் தாராளமாக வைத்து அது நெற்றிக்கு வழிகிறவர்களுக்கு நெற்றியில் மட்டும் குறுகுறுவென்று பரு வருவதைப் பார்த்தால் எண்ணெயைக் குறைத்துப் பாருங்கள், ஹெல்மெட் உள்துணியையும் துவையுங்கள்.

இந்தப் போட்டியில் சேர்க்கவே கூடாத ஒன்று இருக்கிறது. “ஏனுங்கண்ணா, மூஞ்சி சீக்கிரம் பளிச்சுன்னு ஆகற மாதிரி ஏதாச்சும் குடுங்க” என்று கேட்டால் சில கடைகளில் கைக்கு வருகிற ஸ்டீராய்டு கலந்த கிரீம். சில நாளில் முகம் வெளுத்துப் பரு அடங்கும், நிறுத்தினால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும், தோல் மெலிந்து ரத்த நாளம் தெரியும், பெண் பிள்ளைகளுக்கு முகத்தில் முடிகூட வளரும். டியூப் பின்னால் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தயவுசெய்து. ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டுக்கொண்டிருந்தால் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டி நிறுத்துங்கள்.

காலையில் மென்மையான ஃபேஸ்வாஷ், சீழ்ப்பரு இருக்கிற பகுதியில் பென்சாயில், அது காய்ந்ததும் சன்ஸ்கிரீன், இரவில் அடாப்பலீன், மாய்ஸ்சரைசர். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஆரம்பிக்காமல் இரண்டு வாரம் இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தால் எது எரிக்கிறதென்று தெரியும். பரு ஆழமாக உருண்டை உருண்டையாக வலித்தாலோ, குழி விழ ஆரம்பித்தாலோ, மாதவிடாய் தள்ளிப்போய்க்கொண்டே பருவும் சேர்ந்து வந்தாலோ மூன்று மாதம் பொறுக்க வேண்டாம். கோவை, பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, போகும்போது இதுவரை பூசிய டியூப் அத்தனையையும், தீர்ந்துபோனதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.