நூறு டன் டம்பரின் ஹைட்ராலிக் பிரேக்: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரிந்தவை

திறந்தவெளிச் சுரங்கத்தில் ஓடும் நூறு டன் வகை டம்பரில் பிரேக் சரியில்லை என்று ஆபரேட்டர் எழுதிக் கொடுத்தால், டிஸ்க்கைப் பிரிக்கும் முன் ஆயிலைப் பாருங்கள். தேய்ந்து போன டிஸ்க்கைவிட, ஆயில் கொதித்தோ, அழுக்கேறியோ, தவறான ஆயில் ஊற்றப்பட்டோ கெட்டுப்போன பிரேக்குகள்தான் இந்த வண்டிகளில் அதிகம்.

நெடுஞ்சாலை லாரியின் பிரேக்கோடு இதை ஒப்பிட்டால் குழப்பமே மிஞ்சும். அங்கே காற்று, சேம்பர், ஷூ, ட்ரம். இங்கே பின்சக்கரத்துக்குள் உராய்வு டிஸ்க்கும் ஸ்டீல் பிளேட்டும் மாறி மாறி அடுக்கிய பேக் ஒன்று மூடிய அறைக்குள் இருக்கும். டிஸ்க் சக்கரத்தோடு சுற்றும். பிளேட் ஹவுசிங்கில் ஸ்ப்லைனில் (பல்வரிப் பள்ளத்தில்) சுற்றாமல் நிற்கும். பெடலை மிதித்தால் ஹைட்ராலிக் பிஸ்டன் இந்த அடுக்கை நெருக்கும். பேக் முழுவதும் ஆயிலில் மூழ்கியே வேலை செய்யும். பிடிக்கும் நேரத்தில் எழும் சூட்டை இடையில் ஓடும் ஆயில் வாரிக்கொண்டு கூலருக்குப் போகும், கூலரில் அது இன்ஜின் தண்ணீருக்கு மாறும், கடைசியில் ரேடியேட்டர் வழியாக வெளியேறும். ரேடியேட்டரில் தூசி அடைத்திருந்தால் பிரேக் சூடாவது இதனால்தான். பிரேக் புகாருக்கு ரேடியேட்டர் கழுவுவதா என்று சிரிப்பவர்கள் உண்டு. கழுவிய பிறகு கேஜைப் பார்க்கச் சொல்லுங்கள்.

எவ்வளவு சூடு என்பதைக் கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். இந்த நூறு டன் வகையைச் சேர்ந்த கேட்டர்பில்லர் 777 வண்டி லோடோடு சுமார் 163 டன். இந்தியச் சுரங்கங்களில் ஹால் ரோட்டின் (லோடு வண்டி ஓடும் சாலையின்) சரிவு பொதுவாக 16-க்கு 1; குறுகிய ரேம்ப்களில் 10-க்கு 1 வரை அனுமதி உண்டு. 10-க்கு 1, அதாவது 10 சதவீதச் சரிவில் லோடோடு இறங்கும்போது, சாலையின் உருளுதடை (சக்கரம் உருளும்போது வரும் தடை) 2 சதவீதத்தை எடுத்துக்கொண்டால் மீதி 8 சதவீதத்தை வண்டிதான் தாங்க வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டரில் அது ஏறக்குறைய 1,060 கிலோவாட். அந்த வண்டியின் இன்ஜினே ஆயிரம் குதிரைத்திறன், அதாவது 746 கிலோவாட்தான். மேலே இழுக்கும் சக்தியைவிட அதிகமான சக்தி, கீழே இறங்கும்போது சூடாக மாறிக் கூலர் வழியாகப் போயாக வேண்டும். இன்ஜினின் சொந்த இழுவை ஒரு பங்கைத் தின்னும். மிச்சம் முழுவதும் பின்பக்க பேக்கில்தான் விழும். வேகத்தை 20-க்குக் குறைத்தால் இதுவே 710 கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். நிலக்கரிச் சுரங்கங்களில் லோடு பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறுவதால் பிரேக்கின் உண்மையான பலம் அங்கே தெரிவதில்லை. மலையுச்சியில் தாது வெட்டிக் கீழே இறக்கும் இடங்களில் முதல் மழைக்காலத்துக்குள் தெரிந்துவிடும்.

அதனால் இறக்கத்தில் கியர்தான் முதல் பிரேக். கூலிங் பம்பு இன்ஜினோடு சேர்ந்து சுற்றுவது. இன்ஜின் சுற்று குறைந்தால் பேக்கின் வழியே ஓடும் ஆயிலும் குறையும். உயர்ந்த கியரில், குறைந்த சுற்றில் இறங்கினால் சூடு அதிகம், ஆயில் ஓட்டம் குறைவு. இரண்டும் சேர்ந்து டிஸ்க்கை வறுத்துவிடும். 777-இன் பழைய மாடலான 777டி-யின் தானியங்கி ரிடார்டர் (இறக்கத்தில் பின்பக்க பேக்கைப் பிடித்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) இன்ஜினை நிமிடத்துக்கு 1900 சுற்றை ஒட்டியே வைத்திருக்கப் பார்ப்பதும் இதற்காகத்தான். சத்தமாக ஓடுகிறதே என்று அதை அணைத்துவிட்டு மேல் கியருக்கு மாற்றும் ஆபரேட்டர், டீசலில் மிச்சப்படுத்துவதைப் பல மடங்காக பேக் மாற்றும் செலவில் கொடுப்பார்.

கையேட்டில் இருக்கும் ரிடார்டிங் வரைபடத்தைப் பலரும் திறப்பதே இல்லை. எடையையும் சரிவையும் வைத்து எந்த கியர், எந்த வேகம் என்று அது சொல்லும். தொடர்ச்சியான இறக்கத்துக்கு ஒரு வரைபடம். 450, 600, 900, 1,500 மீட்டர் போன்ற நீளங்களுக்குத் தனித்தனி வரைபடம். குறுகிய இறக்கத்துக்கான வேகத்தை நீண்ட இறக்கத்தில் போவதுதான் வழக்கமான தவறு. முதல் பாதி வரை எதுவும் தெரியாது, பிறகு வெப்பக் கேஜ் கிடுகிடுவென ஏறும். பெரும்பாலான மாடல்களில் 120 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சிவப்புப் பகுதி தொடங்குகிறது. சிவப்பைத் தொட்டால் வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, நியூட்ரலில் இன்ஜின் சுற்றை உயர்த்தி ஓட விட வேண்டும். அந்த நேரத்தில் இன்ஜினை அணைத்தால் ஆயில் ஓட்டமும் நின்று, பேக்கில் தேங்கிய சூடு சீலுக்குப் போகும்.

இறக்கம் முழுவதும் கால் பெடலை மிதித்துக்கொண்டே வருவதும் கெடுதல்தான். ரிடார்டர் லிவர் பின்பக்க ஆயில் பேக்கை மட்டும் பிடிக்கும். கால் பெடல் முன்சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். 777டி போன்றவற்றில் முன்பக்கம் இருப்பது காலிப்பர் வைத்த உலர் டிஸ்க், ஆயில் குளிர்ச்சி கிடையாது. நிற்க வைப்பதற்கு அது போதும், நீண்ட நேரம் தேய்ப்பதற்கு ஆகாது: பேட் கண்ணாடிபோல் வழவழத்து, டிஸ்க் நீலம் பாய்ந்து, அவசரத்தில் பிடிக்காமல் போகும். நாலு சக்கரத்திலும் ஆயில் பேக் வரும் மாடல்களில் இந்தத் தலைவலி இல்லை. மலை இறக்கத்துக்கு வண்டி வாங்குகிறவர்கள் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். சமதளக் குவாரிக்கு அவசியமில்லை.

777டி வரை காற்று மிதியால் ஹைட்ராலிக் மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் அமைப்பு. அதற்கு அடுத்த மாடலான 777எஃப்-இலிருந்து முழு ஹைட்ராலிக். பழையதில் ஒரு வசதி உண்டு. லைனில் காற்று புகுந்தாலோ, ஆயில் கசிந்தாலோ, ஸ்லாக் அட்ஜஸ்டர் (டிஸ்க் தேயத் தேய இடைவெளியைச் சரிசெய்யும் பாகம்) சிக்கினாலோ மாஸ்டர் சிலிண்டர் அளவுக்கு மீறி நகரும், ஓவர்ஸ்ட்ரோக் சுவிட்ச் உடனே விளக்கைப் போடும். ஏர் டிரையரைக் கவனிக்காத இடத்தில் தண்ணீர் சேர்ந்து வால்வு துருப்பிடிப்பதுதான் அதன் சாபம். புதியதில் காற்றுத் தொல்லை இல்லை, பெடல் உடனே பேசும். அதற்கு ஈடாக அக்யுமுலேட்டரை நம்பி வாழ வேண்டும்.

அந்த அக்யுமுலேட்டரைத்தான் பராமரிப்புப் பட்டியலில் எல்லோரும் டிக் அடித்துவிட்டுப் போகிறார்கள். ஒரு பக்கம் நைட்ரஜன், மறுபக்கம் ஆயில். இன்ஜின் நின்றுபோனாலும் சில தடவை பிரேக் பிடிக்கும் அளவு அழுத்தத்தை அது சேமித்து வைக்கிறது. நைட்ரஜன் இறங்கிப்போனால் கேஜில் அழுத்தம் சரியாகவே காட்டும், ஆனால் ஒரே மிதியில் தரைக்கு விழும். இன்ஜின் ஓடும்போது சார்ஜிங் வால்வு அடிக்கடி போட்டு எடுக்கும் சத்தம் கேட்டால் சந்தேகப்படலாம். உறுதி செய்ய, சமதளத்தில் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, அழுத்தம் முழுக்க ஏறியதும் இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை ஆனில் வைத்து பெடலை மிதித்து எண்ணுங்கள். கையேடு சொல்லும் எண்ணிக்கைக்கு முன்பே, அதிலும் முதல் இரண்டு மிதியிலேயே எச்சரிக்கை விளக்கு வந்தால் ப்ரீசார்ஜ் (முன்கூட்டியே நிரப்பிய நைட்ரஜன் அழுத்தம்) போயிருக்கிறது. அளக்கும்போது ஆயில் பக்க அழுத்தம் பூஜ்யமாக இருக்க வேண்டும். வண்டி ஓடி வந்த சூட்டோடு அளந்தால் எண் கூடுதலாகக் காட்டும், கையேட்டின் வெப்பத் திருத்த அட்டவணையைப் பாருங்கள். உலர் நைட்ரஜன் மட்டுமே நிரப்ப வேண்டும். கேஸ் வெல்டிங்குக்கு வைத்திருக்கும் ஆக்சிஜன் சிலிண்டரை இதில் மாட்டினால் ஆயிலோடு சேர்ந்து வெடிக்கும். இந்த லைன்களில் 150 முதல் 200 பார் வரை நிற்கும் என்பதால், இன்ஜினை அணைத்துப் பெடலைப் பல முறை மிதித்து அழுத்தத்தை வடிக்காமல் எந்த நட்டிலும் ஸ்பானர் வைக்கக் கூடாது. ஊசித்துளைக் கசிவை அட்டையால் தேடுங்கள், கையால் தடவாதீர்கள்.

பார்க்கிங் பிரேக்கின் தத்துவம் நேர்தலைகீழ்: ஸ்பிரிங் பிடிக்கும், ஆயில் விடுவிக்கும். ஹோஸ் வெடித்து அழுத்தம் போனால் வண்டி தானே பிடித்துக்கொள்ளும். லோடோடு 15 சதவீதச் சரிவில் நிற்க வேண்டும் என்பது இத்தகைய வண்டிகளின் பிரேக்குக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 3450-இன் எதிர்பார்ப்பு. நடைமுறையில் வரும் கோளாறு பிடிக்காமல் போவது குறைவு, முழுக்க விடாமல் இருப்பது அதிகம். விடுவிக்கும் அழுத்தம் கொஞ்சம் குறைந்தாலும் டிஸ்க் உரசிக்கொண்டே ஓடும். ஆபரேட்டருக்கு இழுவை குறைவாகத் தோன்றும், இன்ஜினைக் குறை சொல்வார். ஷிஃப்ட் முடிவில் இன்ஃப்ராரெட் வெப்பமானியால் நாலு ஹப்பையும் அளந்து எழுதி வைப்பது இதற்கு மலிவான மருந்து. இடம் வலம் இரண்டுக்கும் தெளிவான வித்தியாசம் இருந்தால் சூடான பக்கம் உரசுகிறது, அல்லது குளிர்ந்த பக்கம் வேலையே செய்யவில்லை.

ஆயிலில் சிக்கனம் பார்ப்பது இந்த பிரேக்கில் மன்னிக்கப்படாத குற்றம். டிஓ-4 தரம் (கேட்டர்பில்லரின் கியர்பெட்டி, பிரேக் ஆயில் தரம்) கேட்கும் வண்டிக்கு, கையிருப்பில் இருக்கிறதென்று மல்டிகிரேட் இன்ஜின் ஆயிலை ஊற்றினால் அதிலுள்ள வழுக்கல் சேர்மானத்தால் டிஸ்க் நழுவும், அல்லது பிடிக்கும்போது அலறும். அலறல் கேட்டதும் பேக்கைப் பிரிப்பதற்கு முன், கடைசியாக யார், எந்தப் பீப்பாயிலிருந்து ஊற்றினார்கள் என்று விசாரியுங்கள். இதைவிட மோசமானது கூலர் உள்ளே கசிந்து கூலன்ட் கலப்பது. ஆயில் பால் நிறமாகும் வரை காத்திருந்தால் தாமதம்; காகித வகை உராய்வுப் பொருள் தண்ணீரும் கூலன்ட்டில் உள்ள கிளைகாலும் பட்டால் தட்டிலிருந்து உரிந்துவிடும். ஆயில் மாதிரியில் சோடியமும் பொட்டாசியமும் ஏறுவது அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும். சிலிக்கன் ஏறினால் தூசி: ப்ரீதரையும் (காற்று போய்வரும் வடிகட்டி) டுவோ-கோன் சீலையும் (சக்கரத்தில் தூசி புகாமல் காக்கும் உலோக வளையச் சீல்) பாருங்கள். இரும்பு ஏறினால் பிளேட் தேய்கிறது. ரிட்டர்ன் ஸ்கிரீனைக் கழற்றிப் பார்ப்பதை ஆய்வுக்கூட அறிக்கைக்காகத் தள்ளிப்போட வேண்டாம்; உராய்வுப் பொருளின் துணுக்கும் ரப்பர் சீல் துண்டும் அங்கேதான் முதலில் வந்து நிற்கும்.

லைன் எதையாவது திறந்தால் காற்று எடுக்காமல் வண்டியை விடாதீர்கள். பின்பக்கம் முதலில் ஸ்லாக் அட்ஜஸ்டர், பிறகு சக்கரம். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடிக்க, மற்றவர் ப்ளீடரில் (காற்றை வெளியேற்றும் திருகு) உள்ளே தெரியும் குழாய் மாட்டி, குமிழ் நிற்கும் வரை ஆயிலை விட வேண்டும். பெடலை விடும் முன் ப்ளீடரை மூட வேண்டும். பேக் மாற்றினால், புது டிஸ்க்கைப் பதப்படுத்தக் கையேட்டில் தனி முறை இருக்கிறது. அதைத் தாவிவிட்டு நேராக லோடு இறக்கத்துக்கு அனுப்பினால் புது டிஸ்க் முதல் நாளே கண்ணாடியாகும்.

பழைய டம்பர் வாங்கப் போனால் பெயின்ட்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன் மூன்று விஷயம் கேளுங்கள். பெடலை முழுக்க மிதித்துப் பிடித்த நிலையில் தேய்மான பின்னை உள்ளே தள்ளி, பேக்கில் எவ்வளவு மிச்சம் என்று இரண்டு பக்கமும் அளந்து காட்டச் சொல்லுங்கள். பிரேக் ஆயிலின் பழைய மாதிரி அறிக்கைகளைக் கேளுங்கள். ஒரே ஒரு நல்ல அறிக்கை மட்டும் இருந்தால், விற்பதற்காக நேற்று ஆயில் மாற்றியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். காலி வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்னால் ஆள் நடமாட்டம் இல்லாமல் பார்த்து, பார்க்கிங் பிரேக் போட்டு, கையேடு சொல்லும் கியரிலும் சுற்றிலும் இன்ஜினை முறுக்கிப் பாருங்கள். ஒரு அங்குலம் நகர்ந்தாலும் ஒரு பேக்கின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.