கிரிக்கெட்டா, டூபியாவா, புழுவா? பியர்டட் டிராகனுக்கு எதைப் போடுவது

பியர்டட் டிராகன் வீட்டில் வளர்க்கும் ஓணான் வகை. என்னுடைய முதல் பியர்டட் டிராகனுக்கு எட்டு மாதம் ஆனபோது முன்கால் விரல்கள் துடிக்கத் தொடங்கின. பசி என்று நினைத்து இன்னும் பத்து மீல்வார்ம் புழு போட்டேன். கால்நடை மருத்துவர் அதன் கீழ்த்தாடையை விரல்நுனியால் லேசாக அழுத்திக் காட்டினார். கெட்டியாக இருக்க வேண்டிய எலும்பு ரப்பர் மாதிரி வளைந்து கொடுத்தது. கால்சியம் சேராமல் வரும் எலும்பு நோய். விற்றவர் "மீல்வார்ம் மட்டும் போதும்" என்றார், நானும் நம்பிவிட்டேன். வயிறு நிறையத் தின்றும் எலும்பு கரைந்திருக்கிறது.

அதனால் எந்தத் தீனியை ஒப்பிட்டாலும் நான் முதலில் பார்ப்பது கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதத்தைத்தான். மொத்த உணவில் கால்சியம் 2 பங்கு, பாஸ்பரஸ் 1 பங்கு இருந்தால் நல்லது. பூச்சிக்கு எலும்பு கிடையாது என்பதால் அதன் உடம்பில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கும். கிரிக்கெட் பூச்சியில் கால்சியம் 1 என்றால் பாஸ்பரஸ் 7 அளவில் இருக்கும். மீல்வார்மில் 15-ஐயும் தாண்டும். மிகுதியான பாஸ்பரஸ் கால்சியத்தை உடம்பில் ஒட்டவிடாது. பற்றாக்குறையை ஈடுகட்ட உடம்பு எலும்பிலிருந்தே எடுத்துக்கொள்ளும்.

தினசரித் தீனி என்ற இடத்துக்கு உண்மையான போட்டி கிரிக்கெட்டுக்கும் டூபியா கரப்பானுக்கும்தான். இரண்டிலும் புரதம் ஏறத்தாழ 20 சதவீதம், கொழுப்பு 7 சதவீதத்தை ஒட்டி. சத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, கால்சியக் கணக்கில் மட்டும் டூபியா கொஞ்சம் மேல். கிரிக்கெட்டின் பலம் அதன் துள்ளல். குட்டி டிராகன் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால் குறிபார்த்து, பாய்ந்து பிடிப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சாப்பிட மறுக்கும் குட்டியைக்கூட அந்த ஓட்டம் கிளப்பிவிடும். ஆனால் கிரிக்கெட் நாறும், இரவெல்லாம் கத்தும், சீக்கிரம் செத்துவிடும். தின்னாமல் விட்டதைக் கூண்டில் அப்படியே விட்டால், இரவில் தூங்கும் டிராகனையே கடிக்கும். டூபியா சத்தம் போடாது, வழவழப்பான கண்ணாடியில் ஏறாது, மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஒரே குறை, தரையில் விட்டால் எதற்கடியிலாவது புகுந்து அசையாமல் கிடக்கும். நான் கிண்ணத்தில் போட்டுத்தான் கொடுக்கிறேன். குட்டிக்கு இரண்டையும் மாற்றி மாற்றி, வளர்ந்ததற்கு டூபியா என்பது என் முடிவு.

எதைத் தேர்ந்தாலும் அந்தப் பூச்சி என்ன தின்றது என்பதும் கணக்கில் சேரும். கொடுப்பதற்கு முந்தைய ஒன்றிரண்டு நாள் அதற்கு நல்ல கீரை, கேரட், பூசணி கொடுங்கள். பிறகு ஒரு டப்பாவில் போட்டு ஒரு சிட்டிகை கால்சியம் பொடி தூவி மெல்லக் குலுக்குங்கள். கால்களும் மீசையும் மாவு பூசியதுபோல் வெளுத்ததும் உடனே கூண்டில் விடுங்கள். தாமதித்தால் கிரிக்கெட் தன்னைத்தானே துடைத்துச் சுத்தம் செய்துகொள்ளும், உங்கள் பொடி டப்பாவிலேயே தங்கிவிடும். பூச்சியின் அளவு டிராகனின் இரு கண்களுக்கும் இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது.

பிளாக் சோல்ஜர் ஈயின் புழு தனி ரகம். கால்சியம் பாஸ்பரஸைவிட அதிகமாக இருக்கும் தீனிப்பூச்சி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். விகிதம் 2-க்கு 1 என்பதையும் தாண்டும். அப்படியானால் இதையே போட்டுவிடலாமே என்று தோன்றும். ஆனால் கொழுப்பு 14 சதவீதம் அளவில் இருக்கிறது, தோலும் தடிப்பு. மெல்லாமல் விழுங்கினால் எச்சத்தில் முழுசாக வெளியே வந்துவிடும், அப்போது அந்தக் கால்சியம் முழுதாகக் கிடைத்ததாகச் சொல்ல முடியாது. வாரத்தில் இரண்டு வேளைக்கு அருமையான துணை.

மீல்வார்ம், சூப்பர்வார்ம், வாக்ஸ்வார்ம் என்ற மூன்று புழுக்களையும் ஒரே வரியில் முடிக்கலாம்: கொழுப்பு முறையே 13, 18, 25 சதவீதத்தை ஒட்டி, கால்சியம் சொற்பம், ஆகவே எப்போதாவது. வாக்ஸ்வார்ம் ருசி கண்ட டிராகன் மற்ற எதையும் ஏறெடுத்துப் பார்க்காது. ஹார்ன்வார்ம் புழு பெரும்பாலும் தண்ணீர்தான், நீர்ச்சத்து குறைந்த நாட்களில் உதவும்.

இனி கீரை. குட்டிக்குப் பூச்சி முக்கால் பங்கு, இலை கால் பங்கு. ஒன்றரை வயதுக்குள் இந்தக் கணக்கு மெல்ல மெல்லத் தலைகீழாக வேண்டும். வளர்ந்த டிராகனுக்கு இலை தினமும், பூச்சி வாரம் இரண்டு மூன்று தடவை. குட்டி வயதின் கணக்கையே தொடர்வதால்தான் பல டிராகன்கள் கொழுத்து, ஈரலில் கொழுப்பு படிந்து நோகின்றன. இலைகளில் காலர்ட் கீரை, கடுகுக்கீரை, டேன்டிலயன் இலை மூன்றும் முன்வரிசை. பாலக்கில் கால்சியம் இருந்தும் பயன் இல்லை, அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருள் அந்தக் கால்சியத்தைக் கட்டிப் போட்டுவிடும். ஐஸ்பெர்க் லெட்யூஸ் வெறும் தண்ணீர். பழம் ஒரு துண்டு, அதுவும் அரிதாக. அவகாடோ வேண்டவே வேண்டாம், நஞ்சு. மின்மினிப்பூச்சி ஒன்றே ஒன்று போதும், டிராகனைக் கொன்றுவிடும். தோட்டத்தில் பிடித்த எதையும் போடாதீர்கள்.

பெல்லட் எனப்படும் உலர் தீனி உருண்டை பற்றியும் கேட்கிறார்கள். ஊறவைத்து இலையோடு கலந்தால் சரி. அது மட்டுமே உணவு என்றால் சம்மதிக்க மாட்டேன்.

இவ்வளவும் சரியாகச் செய்து, யூவிபி என்ற புற ஊதாக் கதிர் தரும் விளக்கு இல்லையென்றால் பலன் இல்லை. அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும், டி3 இருந்தால்தான் குடல் கால்சியத்தை உறிஞ்சும். என் மருத்துவர் முதலில் கேட்டதே "விளக்கு எத்தனை நாள் பழசு?" என்றுதான். விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதிலிருந்து வரும் யூவிபி நாளாக ஆக மங்கும்.

இப்போது என்னிடம் இருப்பது நான்கு வயதான இரண்டாவது டிராகன். காலையில் விளக்கு போட்டு, அது 40 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் காய்ந்த பிறகு கீரைத் தட்டை வைக்கிறேன். பசி இருக்கும்போது இலைதான் கண்ணில் பட வேண்டும். பூச்சி பிற்பகலில். விளக்கணைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே தீனியை நிறுத்திவிடுகிறேன், உடம்பு குளிர்ந்துவிட்டால் உள்ளே போனது செரிக்காது.