இன்ஸ்டாகிராம் டீன் அக்கவுண்ட்: டெல்டா வீடுகளில் எதுவரை கைகொடுக்கும்?

18 வயது ஆகாதவர்களுக்காக இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் அறிவித்த டீன் அக்கவுண்ட், 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் வந்தது. பிள்ளைகளின் தூக்கத்துக்கும் மனசுக்கும் நல்லது செய்யும் ஏற்பாடுதான். ஆனால் மொத்தமும் ஒரே ஒரு எண்ணை நம்பி நிற்கிறது: அக்கவுண்ட் திறந்தபோது போட்ட பிறந்த வருடம்.

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் பல வீடுகளில் அக்கவுண்டைத் திறந்து கொடுத்தது அண்ணனோ சித்தப்பாவோதான். நம்பர் அப்பாவுடையது, வருடம் கைக்கு வந்தது. ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு 2001 என்று இருந்தால் ஒரு பாதுகாப்பும் வேலை செய்யாது. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் சென்டர், அதற்குள் பர்சனல் டீடெய்ல்ஸ், பர்த்டே என்று போய் முதலில் இதைப் பாருங்கள், திருத்துங்கள். பிள்ளைக்கு 13 ஆகவில்லை என்றால் திருத்த ஒன்றுமில்லை, அந்த வயதில் அக்கவுண்டே வேண்டாம்.

வருடம் சரியாக இருந்தால் கணக்கு தானாகவே பிரைவேட் ஆகும். முன்பின் தொடர்பில்லாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது. 16 வயதுக்குக் கீழ் உள்ளவர் இதைத் தளர்த்தப் பெற்றோர் சம்மதம் வேண்டும். இதெல்லாம் சிறப்பு. ஆனால் பழைய ஃபாலோயர்கள் அப்படியே உள்ளே இருப்பார்கள். தேர்த் திருவிழா ரீல் ஒன்று நன்றாக ஓடியபோது வந்து ஒட்டிக்கொண்ட முகம் தெரியாதவர்களும் அதில் உண்டு. ஒரு சாயங்காலம் பிள்ளையோடு உட்கார்ந்து, “இவர் யாரு?” என்று ஒவ்வொரு பெயராகக் கேட்டு, தெரியாதவரை ரிமூவ் செய்யுங்கள். நீக்கியதாக அவருக்குத் தகவல் போகாது.

ஏமாற்றம் தருவது ஸ்லீப் மோட். இரவு 10 மணியிலிருந்து காலை 7 மணிவரை நோட்டிஃபிகேஷன் வாய் மூடும், மெசேஜுக்குத் தானியங்கி பதில் போகும். அவ்வளவுதான், ஆப் பூட்டாது. 12 மணிக்கும் ரீல்ஸ் ஓடும். 60 நிமிட நினைவூட்டலும் அப்படித்தான், ஒரு தொடுதலில் போய்விடும். நிஜமாக நிறுத்த வேண்டுமென்றால் பெற்றோர் தங்கள் அக்கவுண்டிலிருந்து சூப்பர்விஷன் இணைத்து, நாளுக்கு இத்தனை நிமிடம், இரவில் இத்தனை மணிக்கு மேல் கிடையாது என்று வைக்க வேண்டும். கடந்த 7 நாளில் பிள்ளை யாரோடு பேசியது என்பது அதில் தெரியும், என்ன பேசியது என்பது தெரியாது. இந்த எல்லை சரியானது. எல்லாவற்றையும் படிக்க நினைத்தால், பிள்ளை தோழியின் போனில் இன்னொரு அக்கவுண்ட் திறந்துகொள்ளும்.

வீட்டுக்கு ஒரே போன் என்றால் இன்னொரு ஓட்டை இருக்கிறது. புரொஃபைல் படத்தை அழுத்திப் பிடித்தால் அப்பாவின் அக்கவுண்டுக்குத் தாவிவிடலாம். அங்கே எந்தக் கட்டுப்பாடும் இல்லை. பெரியவர்கள் வேலை முடிந்ததும் லாக்-அவுட் செய்யுங்கள், பாஸ்வேர்டைச் சேமிக்க வேண்டாம். ஆண்ட்ராய்டின் டிஜிட்டல் வெல்பீயிங் டைமர் எந்த அக்கவுண்ட் என்று பார்க்காமல் ஆப்பையே நிறுத்தும். ஆனால் அதை யாரும் செட்டிங்ஸில் போய் எடுத்துவிடலாம், குரோமில் இன்ஸ்டாகிராமைத் திறந்துவிடவும் செய்யலாம். அதனால் பிள்ளை ஒப்புக்கொண்டு வைக்கும் டைமர்தான் நிற்கும். எடுத்த எடுப்பில் 30 நிமிடம் என்றால் இரண்டே நாளில் உடையும். இப்போது இரண்டரை மணி நேரம் என்றால் வாரத்துக்கு 20 நிமிடம் குறையுங்கள்.

உடம்பையும் நிறத்தையும் ஒப்பிட வைக்கும் ரீல்களே வந்து குவிந்தால் கன்டென்ட் பிரிஃபரன்ஸில் பரிந்துரைகளை ரீசெட் செய்யும் வசதி உண்டு. செய்தபின் பழையபடி திருப்ப முடியாது. பிறகு வேண்டாததை உடனுக்குடன் “நாட் இன்ட்ரஸ்டட்” கொடுத்தால்தான் அது நிலைக்கும்.

மதிப்பெண் 5க்கு 3. மீதி இரண்டு மதிப்பெண், போன் சார்ஜர் எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது. தலைமாட்டில் இருக்கும் சார்ஜரைக் கூடத்துக்கு மாற்றுங்கள், பெரியவர்கள் போனும் அங்கேயே இருக்கட்டும். “டியூஷனுக்கு அலாரம் வேணும்மா” என்று கேட்டால் ஒரு டைம்பீஸ் வாங்கிக் கொடுங்கள். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸைத் துழாவிக்கொண்டிருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.