நீராவிக் குழாயில் அழுத்தமானி: குழாயின் மேலேயா, கண்மட்டத்திலா?

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் பராமரிப்புப் பொறுப்பில் இருக்கிறேன். சென்ற ஆண்டு எங்கள் 6 பார் அழுத்த நீராவி லைனுக்குப் புதிய அழுத்தமானி பொருத்த வேண்டியிருந்தபோது இரண்டு வழிகள் முன்னால் நின்றன: 4.5 மீட்டர் உயரத்தில் ஓடும் குழாயின் மேலேயே வளைய சைஃபனுடன் (தண்ணீர் தேங்கி நிற்கும் வளைந்த சிறு குழாய்) பொருத்துவது, அல்லது அங்கிருந்து ஒரு சிறு குழாயை இறக்கிக் கண்மட்டத்தில் பொருத்துவது. நான் இறக்கித்தான் பொருத்தினேன்.

6 பாரில் தெவிட்டிய நீராவியின் (அந்த அழுத்தத்துக்குரிய கொதிநிலையிலேயே இருக்கும் நீராவி) வெப்பநிலை ஏறக்குறைய 165 டிகிரி செல்சியஸ் என்பதால், அது மானிக்குள் நுழையாதபடி இடையில் தண்ணீர் நிற்க வேண்டும். மேலே அந்த வேலையைச் சைஃபன் பார்க்கிறது. இறக்கிய குழாயில், காப்பு சுற்றாமல் விட்டால், குளிர்ந்து தேங்கும் தண்ணீரே பார்த்துக்கொள்கிறது. எதுவானாலும் முதல்முறை நீராவி திறக்கும் முன் தண்ணீர் நிரப்பியாக வேண்டும். மேலே பொருத்தினால் செலவு குறைவு, கசியக்கூடிய இணைப்புகளும் குறைவு.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது பராமரிப்புதான். லைனை அணைத்துக் குளிரவிட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலைக்காக ஏணியில் ஏறியவர் பழைய மானியின் முள் 2 பாரிலேயே நிற்பதைக் கண்டார்; எத்தனை மாதமாக அப்படி நின்றதென்று எங்களில் எவராலும் சொல்ல முடியவில்லை. கைக்கு எட்டாத மானியை யாரும் சோதிப்பதில்லை. இப்போது வாரந்தோறும் ஃபிட்டர் மூவழி வால்வைத் திருப்பி, மானியை வெளிக்காற்றுக்குத் திறந்து, முள் பூச்சியத்துக்குத் திரும்புகிறதா என்று நின்ற இடத்திலேயே பார்த்துவிடுகிறார். இறக்கிய குழாயை ஊதிச் சுத்தம் செய்யும் நாளில் மட்டும், மீண்டும் தண்ணீர் சேரும்வரை மானிப் பக்கத்தை மூடி வைத்திருக்க வேண்டும்.

இதற்கு ஒரு விலை உண்டு. 3 மீட்டர் கீழே இறக்கியதால் தண்ணீரின் எடை 0.3 பாரைக் கூட்டிக் காட்டுகிறது. முள்ளை நகர்த்திச் சரிசெய்தால் பூச்சியச் சோதனையே குழம்பிவிடும் என்பதால், ‘0.3 கழிக்கவும்’ என்று முகப்பின் அருகே தகடு அடித்திருக்கிறோம். 6 பாரில் இது 5 விழுக்காடுதான், 1.5 பாரில் ஓடும் லைனில் 20 விழுக்காடாகிவிடும். அத்தகைய லைனாக இருந்தால் மானியை மேலேயே வைத்து, ஏறிப் பார்க்க நிலையான மேடை ஒன்று அமைத்திருப்பேன். மிகைவெப்ப நீராவி (கொதிநிலைக்கு மேலும் சூடாக்கிய நீராவி) லைன்களில் நான் வேலை செய்ததில்லை. இங்கே சொன்னவை தெவிட்டிய நீராவிக்கு மட்டுமே.