துவைப்பதில் குறையில்லை, ஒழுகுவது அந்த அடாப்டர்

ராமமூர்த்தி நகரில் வீடு மாறும் நண்பர், எங்கள் வீட்டில் ஓடும் அதே ஃப்ரன்ட் லோட் வாஷிங் மெஷினை வாங்கலாமா என்று கேட்டார். துவைப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. போர் தண்ணியிலும் காலர் அழுக்கு போகிறது, ஸ்பின்னில் சத்தம் குறைவு, மழைக்காலத்திலும் துணி சீக்கிரம் காய்கிறது. என்னைப் படுத்தியது மெஷினுக்குத் தண்ணீர் வரும் இணைப்பு.

பெங்களூர் வாடகை வீடுகளில் யுடிலிட்டியில், அதாவது துணி துவைக்க ஒதுக்கிய இடத்தில், பெரும்பாலும் இருப்பது சாதாரண அரை இஞ்ச் குழாய். குழாயிலிருந்து மெஷினுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் இன்லெட் ஹோஸின் நட்டோ முக்கால் இஞ்ச். இரண்டையும் சேர்க்க ஒரு நாலு ஸ்க்ரூ அடாப்டரை மாட்டிவிட்டுப் போகிறார்கள். குழாயின் வாயில் ஒரு ரப்பரை அழுத்தி, சுற்றிலும் ஸ்க்ரூவால் பிடித்து நிற்கும் சாமான் அது. மரையில் ஏறி உட்காராததால் பிடிப்பு முழுவதும் அந்த நாலு முனைகளில்தான். மெஷினுக்குள் இருக்கும் வால்வு படக்கென்று மூடும்போதெல்லாம் ஹோஸ் உதறும். பிரஷர் பம்ப் உள்ள கட்டடமென்றால் உதறல் இன்னும் பலம். அடாப்டர் மெல்ல நழுவும், ரப்பர் ஒரு பக்கம் சாயும், சொட்டத் தொடங்கும். ஸ்க்ரூவை முறுக்கினால் நிற்கும், அப்புறம் மறுபடி சொட்டும். 2024 கோடையில் டேங்கர் தண்ணிக்காகக் காத்துக் கிடந்த ஊர் இது. காவிரித் தண்ணீர் சுமார் நூறு கிலோமீட்டர் ஏறி வருகிறது. அது யுடிலிட்டித் தரையில் ஓடுவதைப் பார்க்க வயிறு எரிந்தது.

சர்வீஸுக்கு வந்தவர்கள் புது அடாப்டர் போட்டுக் காசு வாங்கிப் போனார்களே தவிர, குழாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அல்சூரில் ஹார்ட்வேர் கடைக்காரர்தான் சொன்னார்: “அடாப்டரே வேணாம் சார். வாஷிங் மெஷின் டாப்புன்னே தனியா குழாய் வருது, வாயிலேயே முக்கால் இஞ்ச் மரை இருக்கும்.”

மேல் டேங்க் வால்வை மூடி, பழைய குழாயைக் கழற்றி, புதியதை மாட்டினேன். சுவருக்குள் போகும் மரையில் மட்டும் டெஃப்லான் டேப் சுற்ற வேண்டும். மரை முனை நம்மைப் பார்த்திருக்க, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றினால் முறுக்கும்போது பிரியாது. ஹோஸ் பக்கம் டேப்புக்கு வேலையில்லை. அங்கே தண்ணீரைத் தடுப்பது நட்டுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர். அது மடங்காமல் உட்கார்ந்தால், கையால் இறுக்கி இன்னும் கால் சுற்று திருப்பினால் போதும். ஸ்பேனர் போட்டு பலத்தைக் காட்டினால் பிளாஸ்டிக் நட் விரிசல் விடும். கையோடு, மெஷினின் பின்பக்கம் ஹோஸ் சேரும் இடத்தில் உள்ள சின்ன வலையையும் உருவிக் கழுவினேன். போர் தண்ணியின் மணலும் உப்பும் அங்கேதான் சேர்கின்றன. கடைசியில் டிஷ்யூ பேப்பரால் இணைப்பைச் சுற்றித் துடைத்துப் பார்த்தால், கண்ணில் படாத ஈரமும் பேப்பரில் தெரிந்துவிடும்.

இப்போது ஒரு சொட்டு இல்லை. மெஷினை எந்தக் குறையும் சொல்ல முடியாது. இந்த அடாப்டரைப் பல கம்பெனிக்காரர்களும்தான் மாட்டுகிறார்கள், அதுவும் தெரியும். ஆனாலும் நண்பரிடம் வேண்டாம் என்றே சொன்னேன். அத்தனை விலை வாங்கியவர்கள், நல்ல டாப் போடுங்கள் என்று முதல் நாளே சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. வேறு எந்த மெஷின் வாங்கினாலும் டெலிவரிக்கு முன்பே டாப்பை மாற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். வீட்டு ஓனர் முணுமுணுத்தால், பழைய குழாயை எடுத்து வைத்துக் காலி செய்யும்போது திரும்ப மாட்டிக் கொடுத்துவிடலாம்.