பிரிக்லிங்க்: மூட்டையைப் பிரிக்கக் கைகொடுக்கும், விலை போட அல்ல

எங்கள் அக்காவைக் கட்டிக்கொடுத்தது ஒரு சொல்தா வீட்டில். புதுச்சேரிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்கு மட்டும்: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த குடும்பம். ஜூலை கடைசியில் அக்கா பாரீஸிலிருந்து வரும்போதெல்லாம், மருமகன்கள் ஆடி முடித்த லெகோவை (ஒன்றோடொன்று பொருத்தி விளையாடும் பிளாஸ்டிக் கட்டைகள்) பெட்டியில் இடம் கிடைத்த மூலையிலெல்லாம் திணித்துக் கொண்டுவருவாள். என் பிள்ளைகள் இருவரும் அதில்தான் வளர்ந்தார்கள். பெரியவன் ப்ளஸ் ஒன் போன வருஷம் முத்தியால்பேட்டை வீட்டுப் பரணிலிருந்து இரண்டு அரிசிச் சாக்கை இறக்கினேன். எடை 31 கிலோ.

அதை விற்க உட்கார்ந்தபோது கண்ணில் பட்டதுதான் பிரிக்லிங்க். லெகோ துண்டுகளை மட்டும் வாங்கவும் விற்கவுமான இணையச் சந்தை. 2000-ல் டான் ஜெஸெக் என்ற ரசிகர் தொடங்கியது. 2019-ல் லெகோ நிறுவனமே வாங்கிவிட்டது. பதினான்கு மாதம் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன்.

இதன் உயிர் அட்டவணையில் இருக்கிறது. பெரும்பாலான துண்டுகளின் உட்புறத்தில் பொடி எழுத்தில் ஓர் எண் இருக்கும். இரண்டுக்கு நாலு கட்டை என்றால் 3001. அதைத் தேடினால் எந்தெந்த செட்டில், எந்தெந்த நிறத்தில் வந்தது என்று எல்லாம் விழுகிறது. அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவது போல உட்கார்ந்துவிட்டார். அவருக்கென்று தனிப் பெயர்கள்: வட்டமான ஒற்றைப் புள்ளித் துண்டு 'பொட்டு', மெல்லிசான ஒன்றுக்கு இரண்டு 'பிஸ்கட்'. "ஏன்டா, பொட்டுக்குக்கூடவா நம்பர் போட்டு வெச்சிருக்கான்?" என்றார். 4073 என்றேன். இப்போது டப்பாக்களில் எண்ணும் அம்மாவின் பெயரும் இரண்டும் ஒட்டியிருக்கின்றன.

நிறத்தில் கொஞ்சம் குழப்பம் வரும். பிரிக்லிங்க் 'டேன்' (மணல் நிறம்) என்பதை லெகோ 'பிரிக் யெல்லோ' என்கிறது. அதைவிடக் கவனிக்க வேண்டியது சாம்பல். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தையே மாற்றி லேசாக நீலம் கலந்தது. டியூப்லைட்டில் பார்த்தால் பழையதும் புதியதும் ஒன்று போலத்தான் தெரியும். இரண்டையும் கலந்து கோயம்புத்தூர் வாடிக்கையாளர் ஒருவருக்கு அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அட்டவணையில் இரண்டும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. படிக்காதது என் தப்பு. இப்போது பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் மட்டுமே சாம்பல் பிரிக்கிறோம்.

எனக்கு மிகவும் உதவியது செட்டின் முழு உருப்படிப் பட்டியல். குவியலிலிருந்து ஒன்பது செட்டைத் திரும்பச் சேர்த்தோம். எந்தத் துண்டு குறைகிறது என்று உடனே தெரிந்துவிடும். உதிரியாக விற்பதைவிட, ஒரு துண்டும் குறையாத பழைய செட்டுக்கு நல்ல மரியாதை. குட்டி மனிதர்களுக்கு அதைவிட. (மொட்டை மாடியில் காயவைத்திருந்த ஒரு தலையைக் காக்காய் கொத்திக்கொண்டு போய்விட்டது. அந்தப் போலீஸ்காரர் இன்னும் முண்டமாகத்தான் நிற்கிறார்.)

கழுவுவது பற்றி ஒரு வார்த்தை. வெந்நீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது. எங்கள் போர் தண்ணீரில் அலசினால் காய்ந்ததும் உப்பு வெள்ளையாகப் பூக்கிறது. கடைசி அலசலுக்கு கேன் தண்ணீர்தான். நேர் வெயிலில் வெள்ளைத் துண்டு பழுப்பேறும், அதனால் நிழலில் பழைய வேட்டி மேல்.

சரி, விலைக்கு வருவோம். கடைசி ஆறு மாதத்தில் ஒரு துண்டு என்ன விலைக்குப் போனது என்று பிரிக்லிங்க் காட்டுகிறது. அருமையான வசதி, ஆனால் அது உலகச் சந்தையின் விலை. இங்கே பொம்மைக்கான இறக்குமதி வரி 2020-ல் இருபதிலிருந்து அறுபது சதவீதமாகவும், 2023-ல் எழுபதாகவும் ஏறியது. புதிய லெகோ எட்டாத விலையில் இருக்கும்போது பழைய செட்டுக்கு அந்தப் பட்டியலைவிடக் கூடுதலாகவே கொடுக்க ஆள் இருக்கிறது. பொடித் துண்டுகளோ நேர்மாறு: அங்கே ஆயிரக்கணக்கில் போகும் 'பிஸ்கட்' இங்கே மாதத்துக்கு இரண்டு பேர் கேட்டால் அதிகம். அதனால் அதை ஒரு அளவுகோலாக வைத்துக்கொண்டு, நாங்களே விலை போடுகிறோம்.

விற்பதையும் அங்கே செய்வதில்லை. அங்கே பணம் வாங்க உதவும் பேபால் என்ற இணையச் சேவை, உள்நாட்டுப் பரிமாற்றத்துக்கு 2021 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது. நம் ஆட்களுக்கு யூபிஐ போதும். என் பெண் இன்ஸ்டாகிராமில் படம் போடுவாள், பேச்சு வாட்ஸ்அப்பில் முடியும். ஒரு கூரியரில் டப்பா நசுங்கிப்போன பிறகு, ரங்கப்பிள்ளை வீதி தலைமைத் தபால் நிலையத்தில் ஸ்பீட் போஸ்ட். இதுவரை கையில் நின்றது 64,000 ரூபாய். அம்மாவுக்கு டப்பாவுக்குப் பத்து ரூபாய் கூலி. அதைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.

சரக்கு தீர்ந்துவிடுமோ என்று காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒரு பை வாங்கிப் பார்த்தோம். லெகோ என்றால் ஒவ்வொரு குமிழ் மேலும் அந்தப் பெயர் புடைத்திருக்கும். அம்மா விரலால் தடவியே பிரித்துவிட்டார். அசல் கால்வாசி தேறியது.

பிரிக்லிங்குக்கு ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். உங்கள் வீட்டில் இருப்பது ஒரு ஷூ டப்பா அளவுதான் என்றால் இந்தப் பக்கமே போகாதீர்கள், மொத்தமாக எடை போட்டு விற்றுவிடுங்கள். சாக்குக் கணக்கில் இருந்தால், முதலில் ஒரு முறம் வாங்குங்கள்.