டேவா, பிரின்ஸா: நெல்லைத் திரைகளில் போட்டியிட்ட பழைய விளையாட்டுகள்

பழைய கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எல்லாவற்றையும் ஒரே ஏக்கத்தில் போட்டுக் கலக்கி, எல்லாமே அருமை என்று சொல்லி முடித்துவிடுவது நம் வழக்கம். ஆனால் அந்தக் காலத்தில் அவற்றுக்குள் கடுமையான போட்டி இருந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியிலும் அடுத்து வந்த சில ஆண்டுகளிலும் திருநெல்வேலிப் பக்கம் கணினி என்பது செருப்பைக் கழற்றிவிட்டு நுழைய வேண்டிய பள்ளிக்கூட ஆய்வகத்திலோ, முருகன்குறிச்சி, வண்ணார்பேட்டை, ஜங்ஷன் பகுதிகளின் பிரவுசிங் சென்டர்களிலோ, வசதியான உறவினர் ஒருவர் வீட்டில் பூப்போட்ட துணி போர்த்திய மேசையின் மீதோ மட்டுமே கிடைத்த பொருள். கையில் இருப்பது ஒரு மணி நேரத்துக்கான காசு என்னும்போது, இரண்டு விளையாட்டுகளில் ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றைப் பிடிக்க முடியும். எனவே இந்த அலசலில் நான் வைத்திருக்கும் அளவுகோல் அந்த ஊருக்கும் காலத்துக்கும் உரியது: குறைந்த நேரத்தில் எந்த விளையாட்டு அதிகம் தந்தது, முதுகுக்குப் பின்னால் நின்ற கூட்டத்தை எது சேர்த்துக்கொண்டது, நடுவில் கரண்ட் போனால் எது மிச்சமிருந்தது.

முதல் இணை, டேஞ்சரஸ் டேவும் பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும். விண்டோஸுக்கு முந்தைய ஒரே டாஸ் திரையில், ஒரே ஃபிளாப்பிப் பெட்டியிலிருந்து வந்தவை. இரண்டுமே ஆப்பிள் 2 கணினிக்காக முதலில் எழுதப்பட்டு, 1990-ல் டாஸுக்கு வந்தவை. இரண்டிலும் ஒரு மனிதன் பக்கவாட்டில் ஓடுகிறான், தாவுகிறான், சாகிறான். ஒற்றுமை அத்துடன் முடிகிறது.

டேவை எழுதியவர் ஜான் ரொமேரோ. பின்னாளில் டூம் விளையாட்டை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனத்தின் நிறுவனர்களுள் ஒருவர். சிவப்புத் தொப்பி அணிந்த டேவ், ஒவ்வொரு நிலையிலும் கற்களையும் வைரங்களையும் பொறுக்கிக்கொண்டு, கோப்பையை எடுத்த பிறகுதான் கதவு வழியே வெளியேற முடியும். மொத்தம் 10 நிலைகள். ஒரு நிலையை முடித்தால் டேவ் ஒரு நடையில் நடந்துபோவான். இன்னும் 9 தான் பாக்கி என்று திரை நம்மைத் தட்டிக்கொடுக்கும். ஆட்டத்தைச் சேமிக்க வழி கிடையாது. ஆனால் அதை ஒரு குறையாக யாரும் எண்ணியதில்லை, ஏனெனில் முதல் நிலையிலிருந்து மறுபடி தொடங்கினாலும் விட்ட இடத்துக்குச் சில நிமிடங்களில் வந்துவிடலாம். எங்கள் ஆய்வகத்தில் ஒரு கணினிக்கு மூன்று பேர் உட்காருவார்கள்; டேவ் தீயில் வெடித்துச் சிதறியதும் விசைப்பலகை அடுத்தவன் பக்கம் நகர்ந்துவிடும். ஓர் உயிருக்கு ஓர் ஆள் என்ற இந்த முறை விளையாட்டை எழுதியவர் வகுத்ததன்று, இடநெருக்கடி வகுத்தது. டேவுக்கு அது அளவெடுத்துத் தைத்தாற்போலப் பொருந்தியது.

டேவின் குறை அதன் திரையில் இருந்தது. அவன் ஓரத்தை நெருங்கும்வரை காட்சி அசையாது. நெருங்கியதும் முழுத் திரையும் ஒரே இழுப்பில் நகரும். அன்றைய தனிநபர் கணினிகளில் காட்சியை வழுக்கிக்கொண்டு நகர்த்துவது எளிதான வேலையாக இருக்கவில்லை. 1990-ல் ரொமேரோவோடு வேலைபார்த்த ஜான் கார்மாக் அந்த வித்தையைக் கண்டுபிடித்து, சக ஊழியர் டாம் ஹாலோடு சேர்ந்து சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3-ன் முதல் நிலையைக் கணினியில் அப்படியே கட்டி, அதில் மாரியோவுக்குப் பதிலாக இதே டேவை ஓடவிட்டு ரொமேரோவுக்குக் காட்டினார். கமாண்டர் கீன் என்ற விளையாட்டும் ஐடி சாஃப்ட்வேரும் அதன் தொடர்ச்சியாக வந்தவை. நாம் சாதாரணமாகத் தட்டிக்கொண்டிருந்த டேவுக்கு இப்படியொரு சரித்திரம் உண்டு என்பது அப்போது ஆய்வகப் பொறுப்பாளருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

பிரின்ஸ் வேறு இனம். ஜோர்டான் மெக்னர் தம் தம்பியை ஓடவும் தாவவும் தொங்கவும் வைத்துப் படம்பிடித்து, அந்தப் படச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்து உயிர் கொடுத்த உருவம் அது. ஆப்பிள் 2-ல் 1989-ல் வெளிவந்தது. வாட்சண்டை அசைவுகளுக்கு 1938-ல் வந்த ஒரு ஹாலிவுட் படத்தின் காட்சியைப் பயன்படுத்தினார். விளைவாக, இளவரசன் நின்ற இடத்தில் சட்டென்று திரும்ப மாட்டான். ஓடிக்கொண்டிருப்பவன் நிற்பதற்கு இரண்டு எட்டு தேவைப்படும். டேவில் விசையைத் தட்டிய நொடியில் தாவல் நிகழும். பிரின்ஸில் தாவலை முன்கூட்டியே எண்ணியிருக்க வேண்டும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு அம்புக்குறியைத் தட்டினால் அவன் பள்ளத்தின் விளிம்புவரை பூனை நடை நடப்பான். விளிம்பில் விரல் பற்றித் தொங்குவான். மேலே தள்ளாடும் ஓட்டுப் பலகை ஒன்று தடதடவென்று ஆடிக் கீழே விழுந்து நொறுங்கும். முதல் தளத்தில் வாளைத் தேடிக் கண்டுபிடிக்காமல் காவலனிடம் போய் நின்று செத்தவர்கள் ஆய்வகத்தில் ஏராளம். "என்னல, கையில ஒண்ணுமில்லாம சண்டைக்கா போற?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்கும்.

இந்த ஆட்டத்தின் உயிர்நாடி அதன் கடிகாரம். இளவரசியை மீட்க 60 நிமிடம், 12 தளங்கள். எத்தனை முறை செத்தாலும் தளத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓடலாம், ஆனால் செலவான நிமிடங்கள் திரும்பி வாரா. ஒரு மணி நேரத்துக்குக் காசு கட்டி, சுவரிலிருக்கும் கடிகாரத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டு விளையாடுபவனுக்குத் திரைக்குள்ளும் இன்னொரு மணி நேரம் குறைந்துகொண்டே வருவது எத்தகைய நெருக்கடி என்பதை வீட்டில் சொந்தக் கணினி வைத்திருந்தவர்கள் உணர்ந்திருக்க மாட்டார்கள். மூன்றாம் தளத்திலிருந்து கன்ட்ரோலுடன் ஜி-யை அழுத்தி ஆட்டத்தைச் சேமிக்கலாம் என்றாலும், பொதுக் கணினியில் நம் சேமிப்பின் மீது அடுத்து வருபவன் தன்னுடையதை ஏற்றிவிடுவான். மெகாஹிட் என்ற சொல்லைச் சேர்த்து ஆட்டத்தைத் திறந்தால் தளங்களைத் தாண்டிச் செல்லலாம் என்ற இரகசியம், எந்த ஊரிலிருந்து கிளம்பியதோ, எங்கள் பள்ளிக்கும் வந்து சேர்ந்திருந்தது.

பிரின்ஸில் நான் இன்றும் வியப்பது நிழல் மனிதனை. நான்காம் தளத்தில் ஒரு கண்ணாடிக்குள் பாய்ந்தால் மறுபக்கம் இளவரசனின் நிழல் தனியே பிரிந்து ஓடிவிடும். பிறகு நம் மருந்துக் குப்பியைக் குடிக்கும், கதவை மூடும், கடைசித் தளத்தில் வாளோடு வழிமறிக்கும். அதை வெட்டினால் நமக்கே காயம். வாளை உறையிலிட்டு அதனுள் நடந்து ஒன்றாவதுதான் வழி. ஆப்பிள் 2-ன் நினைவகத்தில் புதிய எதிரி ஒருவனுக்கு வரைபடங்கள் சேர்க்க இடமில்லாமல் போகவே, இருக்கும் இளவரசனின் உருவத்தையே மாற்றிக் காட்டி மெக்னர் உண்டாக்கிய பாத்திரம் இது. இடம் போதாமை இவ்வளவு நல்ல கற்பனையைத் தந்ததற்கு இணையான ஒன்றை டேவில் காட்ட முடியாது.

ஆகவே கலையாகப் பார்த்தால் பிரின்ஸ், ஒரு பீரியடுக்குள் மூன்று பேர் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமென்றால் டேவ். அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால் டேவ் என்றுதான் சொல்லியிருப்பேன். இன்று தனியாக உட்கார்ந்து ஆடுவதற்கு டேவ் கால் மணி நேரத்தில் சலித்துவிடுகிறது.

விண்டோஸ் வந்து, சிடி வந்து, பிரவுசிங் சென்டர்கள் பெருகியபோது போட்டி பைக் பந்தயமான ரோட் ராஷுக்கும் கார் பந்தயமான நீட் ஃபார் ஸ்பீட் 2 சிறப்புப் பதிப்புக்கும் இடையே மூண்டது. முன்னது கணினிக்கு 1996-ல் வந்தது, பின்னது 1997-ல். பந்தயம் என்ற அளவில் இரண்டாவதே மேல்: மெக்லாரன் எஃப்1, ஃபெராரி எஃப்50 என்று நாளிதழில் மட்டும் பார்த்த கார்கள், அவற்றை விவரித்துக் காட்டும் தனித் திரைகள், நேபாள மலைப்பாதை உட்படப் பல நாட்டுச் சாலைகள். எல்லாவற்றுக்கும் மேலாக, திரையை இரண்டாகப் பிளந்து ஒரே கணினியில் இருவர் ஓட்டலாம். ஒருவன் அம்புக்குறிகளையும் மற்றவன் இடப்பக்க எழுத்துகளையும் பிடித்துக்கொள்ள, முழங்கைகள் முட்டிக்கொள்ளும். மலிவான விசைப்பலகைகள் ஒரே சமயத்தில் பல விசைகளை ஏற்காமல் பீப் என்று கத்தும். வளைவில் திரும்பாத கார் போய்ப் பாறையில் மோதும். தோற்றவன் விசைப்பலகையைக் குறைசொல்வது வழக்கம். பாதி நேரம் அவன் சொன்னது உண்மை.

ரோட் ராஷில் ஒரே திரையில் இருவர் ஆட முடியாது. இருந்தும் கூட்டம் அதன் பின்னால்தான் நின்றது. காரணம், அது பந்தயம் என்ற பெயரில் நடந்த அடிதடி. பக்கத்தில் வருபவன் தடியை ஓங்கும் சரியான கணத்தில் கையை நீட்டினால் தடி நமக்கு வந்துவிடும். அந்தக் கணத்தைச் சொல்லித் தருவதற்கென்றே நாலு பேர் இருந்தார்கள். "பிடுங்குல, பிடுங்குல! விட்டுட்டானே!" வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்ட நம் ஆள் எழுந்து, எங்கோ கிடக்கும் பைக்கை நோக்கிக் கால்நடையாக ஓடுவான், அதற்குள் போலீஸ்காரர் பக்கத்தில் வந்து நின்றால் ஆட்டம் முடிந்தது, அபராதமும் உண்டு. ஆடுபவனைவிடப் பார்ப்பவன் அதிகம் ரசித்த விளையாட்டு என்று இதைத் தயங்காமல் சொல்வேன். சவுண்ட்கார்டன் போன்ற அமெரிக்க ராக் குழுக்களின் பாடல்கள் அசல் சிடியில் இருந்தன. எங்களுக்கு வாய்த்த நகல்களில் இடத்தைக் குறைக்க அவற்றை வெட்டியிருந்தார்கள் என்பதால் அந்தப் பெருமை எங்களுக்குப் பிந்தித்தான் தெரிந்தது. கார்களின் அழகுக்காக நீட் ஃபார் ஸ்பீட் பக்கம் நிற்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. என் வாக்கு ரோட் ராஷுக்கே.

மூன்றாவது இணை துப்பாக்கிகளுடையது: புராஜெக்ட் ஐஜிஐ, கவுன்டர் ஸ்ட்ரைக். இரண்டையும் ஒப்பிடுவதே பொருந்தாது என்பார்கள், ஒன்று தனியாள் ஆட்டம், மற்றது குழு ஆட்டம் என்பதால். ஆனால் சென்டரில் நாற்காலி ஒன்று காலியானால் எதைத் திறப்பது என்ற கேள்வி இந்த இரண்டுக்கும் இடையேதான் எழுந்தது. ஐஜிஐ நார்வேயின் இன்னர்லூப் நிறுவனம் உருவாக்கி, 2000-ன் இறுதியில் வெளிவந்தது. போர்விமான விளையாட்டு ஒன்றுக்காக அவர்கள் எழுதிய நிரலின் மேல் கட்டப்பட்டதால், அன்றைய பிற துப்பாக்கி விளையாட்டுகளின் இடுக்கு நடைபாதைகளுக்கு மாறாகக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை திறந்த வெளி இருந்தது. குன்றின் மேல் படுத்துக்கொண்டு காவல் கோபுரத்தை நோட்டம் விடும் சுகம் அதற்கு முன் கிடைத்ததில்லை. ஆனால் 14 பணிகளில் எதிலும் நடுவில் சேமிக்க முடியாது. முக்கால் மணி நேரம் பதுங்கிப் பதுங்கி முன்னேறி, கடைசி எதிரியிடம் செத்தால் பணியின் தொடக்கத்துக்குப் போக வேண்டும்; கரண்ட் போனாலும் அதே கதிதான். 2008-க்குப் பிந்திய மின்வெட்டுக் காலத்தில் நம் பக்கத்தில் ஐஜிஐ ஆடியவர்களுக்கு இதன் வலி தெரியும். கயத்தாற்றில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க, சென்டரில் யுபிஎஸ் கூவிக்கொண்டிருக்கும்.

கவுன்டர் ஸ்ட்ரைக்குக்கு அந்தக் கவலை இல்லை. 1999-ல் மின் லே, ஜெஸ் கிளிஃப் என்ற இருவர் ஹாஃப் லைஃப் விளையாட்டின் மேல் ஏற்றிய மாற்றமாகத் தொடங்கி, மறு ஆண்டில் வால்வ் நிறுவனத்தின் வெளியீடானது. சில நிமிடங்களில் ஒரு சுற்று. செத்தவன் அடுத்த சுற்றுவரை சும்மா இருந்து மற்றவர்களுக்கு யோசனை சொல்ல வேண்டும். கரண்ட் போனால் ஒரு சுற்று போகும், அவ்வளவுதான். கணினிகளை லேன் என்ற உள் வலையில் ஒன்றோடொன்று இணைத்திருந்த சென்டர்களில் இந்தப் பக்கம் ஐந்து பேர், அந்தப் பக்கம் ஐந்து பேர் என்று உட்கார்ந்துவிட்டால், "அண்ணாச்சி, இன்னும் ஒரு அரைமணி போடுங்க" என்ற குரல் வரிசையாக எழும். கல்லாவுக்கும் அதுவே உகந்தது. எனினும் தனியாக வரும் கூச்ச சுபாவக்காரன் அங்கே அடிபட்டே திரும்புவான்; அவனுக்கு ஐஜிஐயின் காலி மைதானம்தான் தோது. நான் ஐஜிஐ கட்சி.

இன்றைக்கு இவற்றை மீண்டும் ஆட நினைப்பவர்களுக்கு வரிசை சற்று மாறுகிறது. டேவும் பிரின்ஸும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் எந்தச் சிக்கலுமின்றி ஓடும். இன்டர்நெட் ஆர்க்கைவில் உலாவியிலேயே பிரின்ஸை ஆடலாம். கவுன்டர் ஸ்ட்ரைக்கின் பழைய பதிப்பு ஸ்டீம் என்ற இணையக் கடையில் இன்னும் விற்பனைக்கு உள்ளது. பந்தய இணைதான் மல்லுக்கு நிற்கும்: அந்தக் காலத்து சிடியை இன்றைய 64 பிட் விண்டோஸில் போட்டால் பெரும்பாலும் நிறுவும் கட்டத்திலேயே தகராறு செய்யும், ரசிகர்கள் எழுதிய ஒட்டுகளை, அதாவது கோளாறு நீக்கும் சிறு நிரல்களைத் தேட வேண்டிவரும். அவ்வளவு பாடுபடுவதானால் ரோட் ராஷுக்காகப் படுங்கள், ஆனால் பின்னால் நின்று கத்த நாலு பேரைக் கூட்டிக்கொண்டு உட்காருங்கள். ஒரு மணி நேரம் மட்டும் ஓய்வு கிடைக்கிறவர்கள் பிரின்ஸைத் திறக்கட்டும். அதன் கடிகாரத்துக்கும் அதே அளவுதான்.